‘தந்தை என்ன வேலை செய்கிறார்?’: மருத்துவச் சேர்க்கை நேர்காணலும் தோல் மண்டலத்து மாணவர்களும்

நீட் தேர்வு முடிவு வெளியானதும் ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பகுதிகளின் பெற்றோர் எங்களைப் போன்ற வழக்குரைஞர்களிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: “இன்டர்வியூ எப்போது? பிள்ளையை அதற்கு எப்படித் தயார் செய்வது?” டேனரியில் குரோம் கலந்த நீரில் தோல்களைப் புரட்டும் தந்தையும், ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கும் தாயும் இப்படிக் கேட்கும்போது, சட்டப்படியான பதில் ஒரே வரியில் முடிந்துவிடும். தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்க்கைக்கு இன்று நேர்காணல் கிடையாது. நீட் மதிப்பெண், இடஒதுக்கீட்டுப் பிரிவு, தரவரிசை, கலந்தாய்வு ஆகியவையே சேர்க்கையின் படிகள்.

ஆயினும் அந்தக் கேள்வி அறியாமையிலிருந்து எழுவதன்று. இந்த மண்டலத்தின் நடுவே வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி நிற்கிறது. பல பத்தாண்டுகளாக அக்கல்லூரிக்குள் நுழையும் வழி நேர்காணல் வழியாகவே சென்றது. அரசு மருத்துவக் கல்லூரிகளுக்கும் ஒரு காலத்தில் நேர்காணல் இருந்தது. அதற்கெனத் தனி மதிப்பெண்ணும் இருந்தது. பெயர் மறைந்த பின்னரும் அதன் சாரம் வேறு மேசைகளுக்கு இடம் பெயர்ந்துள்ளது. எந்த மேசையில் யார் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பதை அறிந்துகொள்வதே இன்றைய மாணவருக்குரிய தயாரிப்பு என்பது என் கருத்து.

75 மதிப்பெண்களின் கதை

சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணை 14 இடங்களை ஓர் அலகாகக் கொண்டு பகிர்ந்தது. அதில் அன்றைய அரசு மொழியில் ‘அரிசனங்கள்’ எனப்பட்டோருக்கு 2 இடங்கள். 1951 ஏப்ரலில் செண்பகம் துரைராசன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையைச் செல்லாததாக்கியது. மருத்துவக் கல்லூரியில் இடம் மறுக்கப்படும் என்று வழக்குத் தொடுத்த அவர் அக்கல்லூரிக்கு விண்ணப்பிக்கவே இல்லை என்பது சட்ட மாணவர்கள் அனைவரும் அறிந்த செய்தி. பெரியார் முன்னின்று நடத்திய கிளர்ச்சியின் விளைவாக அதே ஆண்டு முதல் அரசியல் சட்டத் திருத்தம் வந்தது, 15(4) பிறந்தது. இவ்வளவும் நம் மேடைகளில் பலமுறை பேசப்பட்டவை. அதற்குப் பின் வந்த நேர்காணல் வழக்குகளைத்தான் நாம் அதிகம் பேசுவதில்லை.

1968இல் ராஜேந்திரன் எதிர் சென்னை மாநிலம் வழக்கில், மருத்துவ இடங்களை மாவட்ட வாரியாகப் பங்கிட்ட முறையை உச்ச நீதிமன்றம் நீக்கியது. அடுத்து அரசு கல்லூரிகளை அலகுகளாகப் பிரித்து, அலகுக்கொரு தேர்வுக் குழு அமைத்தது. இது 1970இல் பெரியகருப்பன் வழக்காக உச்ச நீதிமன்றம் சென்றது. மொத்தம் 275 மதிப்பெண்களில் 75 நேர்காணலுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. விளையாட்டு அல்லது தேசிய மாணவர் படை, பாடத்துக்கு அப்பாற்பட்ட சேவைகள், உடல்நிலையும் தாங்கும் ஆற்றலும், பொதுத் திறன், மருத்துவத்துக்கான நாட்டம் என்று ஐந்து தலைப்புகள். ஒவ்வொரு தலைப்புக்கும் தனித்தனியே மதிப்பெண் இடாமல், தேர்வுக் குழுக்கள் மொத்தமாக ஓர் எண்ணை எழுதிவிட்டன என்பதை நீதிமன்றம் கடுமையாக எடுத்துக்கொண்டது. அலகுமுறையையும் அது செல்லாததாக்கியது.

அந்த ஐந்து தலைப்புகளை மீண்டும் படித்துப் பாருங்கள். டேனரித் தெருவில் வளர்ந்து, விளையாட்டுத் திடலோ மாணவர் படையோ இல்லாத பள்ளியில் படித்த 1970ஆம் ஆண்டின் சேரிப் பிள்ளை முதல் தலைப்பில் என்ன வாங்கியிருக்கும்? ‘பொதுத் திறன்’ என்பது எந்த மொழியில், எந்த உச்சரிப்பில் அளக்கப்பட்டிருக்கும்? பள்ளித் தேர்வில் அவர் வென்றெடுத்த மதிப்பெண்ணை ஐந்து நிமிட உரையாடல் ஒன்று கவிழ்த்துவிட முடியும். கவிழ்த்ததற்குக் காரணம் எழுதவேண்டிய கடமையும் குழுவுக்கு இல்லை. இதில் ஒரு நேர்மையான குறிப்பையும் சேர்த்தாக வேண்டும். பெரியகருப்பன் வழக்கைத் தொடுத்தவர்கள் இடஒதுக்கீட்டையும் எதிர்த்தார்கள். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒதுக்கீடு நின்றது, தான்தோன்றித்தனமான நேர்காணல் விழுந்தது. இரண்டும் ஒரே தீர்ப்பில் நிகழ்ந்தன என்பதை மேற்கோள் காட்டும்போது மறந்துவிடக் கூடாது.

பத்தாண்டுகளுக்குப் பின், 1980 நவம்பரில், அஜய் ஹாசியா வழக்கு. இது மருத்துவக் கல்லூரி வழக்கன்று. ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரி பற்றியது. ஆனால் நேர்காணல் குறித்த இந்தியச் சட்டத்தின் அடித்தளம் இதுவே. எழுத்துத் தேர்வுக்கு 100, நேர்காணலுக்கு 50. ஒவ்வொரு மாணவருக்கும் கிடைத்தது இரண்டு அல்லது மூன்று நிமிடம். கேட்கப்பட்டவை பெற்றோர் பற்றியும் வசிப்பிடம் பற்றியுமான கேள்விகள். பாடம் பற்றி ஏறத்தாழ ஒன்றுமில்லை. நீதிபதி பகவதி எழுதிய தீர்ப்பு, மொத்தத்தில் 15 விழுக்காட்டுக்கு மேல் நேர்காணலுக்கு ஒதுக்குவது தன்னிச்சையானது என்றது. நேர்காணலை ஒலிநாடாவில் பதிவு செய்யலாம் என்றும் கருத்துரைத்தது.

பெற்றோர் யார், வீடு எங்கே என்ற இரண்டு கேள்விகளும் காஷ்மீரில் செல்வாக்கை அளக்கக் கேட்கப்பட்டிருக்கலாம். நம் மண்ணில் இரண்டுமே சாதியைக் கேட்கும் கேள்விகள். ஊரின் பெயருக்குப் பின்னால் ‘காலனி’ என்று வந்தால் போதும். தந்தையின் தொழில் ‘தோல்’ என்று சொன்னால் போதும். மேசைக்கு அப்பால் அமர்ந்திருப்பவர் அதன்பின் வேறெதையும் கேட்க வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் 1984இல் தொழிற்படிப்புகளுக்கு நுழைவுத் தேர்வு வந்தது. 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக அதுவும் நீங்கி, மேனிலைத் தேர்வு மதிப்பெண் மட்டுமே அளவுகோலானது. இடையில் 2005இல் வேலூர் அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கியது. நம் பகுதியின் தலித் குடும்பங்களிலிருந்து மருத்துவர்கள் உருவாக வழிவிட்டவை இந்த மாற்றங்களே. 2017இல் நீட் அந்தக் கதவைப் பாதி மூடியது. அனிதாவின் மரணத்தை இங்கு விரித்து எழுத வேண்டியதில்லை.

வேலூரின் தனிவழி

ஐடா ஸ்கடர் 1900இல் தொடங்கிய சிறு மருத்துவமனையிலிருந்து வளர்ந்தது கிறித்தவ மருத்துவக் கல்லூரி. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகி, 1942இல் எம்.பி.பி.எஸ். படிப்பைத் தொடங்கியது, ஆண்களைச் சேர்த்துக்கொண்டது அதற்குப் பிறகே. அதன் சேர்க்கை முறை வழக்கமானதிலிருந்து வேறுபட்டது. தன் சொந்த எழுத்துத் தேர்வில் முன்னணியில் வந்தவர்களை வேலூருக்கு வரவழைத்து, சில நாள்கள் தங்கவைத்து, குழுச் செயல்பாடுகளிலும் நேர்காணலிலும் அவர்களைக் கவனித்துத் தேர்ந்தெடுத்தது. இடங்களில் ஒரு பகுதி திருச்சபைகளின் பரிந்துரை பெற்றோருக்கு. படித்து முடித்தபின் பரிந்துரைத்த அமைப்பின் மருத்துவமனையில் பணியாற்ற வேண்டும்.

இந்த முறைக்குக் கல்லூரி சொன்ன நியாயம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. பழங்குடிப் பகுதியின் சிறு மருத்துவமனைக்குச் சென்று ஆண்டுக்கணக்கில் பணிசெய்யும் மனம் யாருக்கு உண்டு என்பதைக் கொள்குறி வினாத்தாள் கண்டுபிடிக்காது. இது உண்மை. நீட்டுக்கு எதிரான முதல் பெரிய வெற்றியும் இக்கல்லூரியின் பெயரிலேயே பதிவாகியுள்ளது. 2013 சூலையில் நீட்டைச் செல்லாததாக்கிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் தலைப்பு வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிதான். 2016 ஏப்ரலில் அத்தீர்ப்பு திரும்பப் பெறப்பட்டது. 2017–18இல், தன் முறைப்படி மாணவரைத் தேர்ந்தெடுக்க முடியாத நிலையில், கல்லூரி எம்.பி.பி.எஸ். படிப்புக்கு ஒரே ஒரு மாணவரை மட்டும் சேர்த்துக்கொண்டு மற்ற இடங்களைக் காலியாக விட்டது. 2020 ஏப்ரல் 29 அன்று உச்ச நீதிமன்றம், சிறுபான்மை நிறுவனங்களுக்கும் நீட் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. வேலூரின் தனிவழி அத்துடன் முடிந்தது.

அதற்காக நாம் வருந்த வேண்டுமா? என் விடை இரண்டுபட்டது. பணிமனத்தைத் தேடும் நேர்காணல் நல்லதே. ஆனால் அதைத் தேடுபவர் யார் என்பதைப் பொறுத்தே அதன் நன்மை. திருச்சபைப் பரிந்துரை என்பது திருச்சபைக்குள் யாருக்குக் குரல் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. தமிழகத் திருச்சபைகளுக்குள் சாதி இல்லை என்று இந்தத் தளத்தின் வாசகர் எவரும் சொல்லமாட்டார். உலகின் வேறு பகுதிகளில் இதே சிக்கலுக்கு வேறு விடை தேடினார்கள். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் இருபது ஆண்டுகளுக்கு முன் உருவாக்கிய முறையில், மாணவர் ஒரே குழுவின் முன் அமர்வதில்லை. பல சிறு அறைகளுக்கு அடுத்தடுத்துச் செல்கிறார். ஒவ்வோர் அறையிலும் வேறொருவர் தனியாக மதிப்பெண் இடுகிறார். ஒருவரின் முன்முடிவு மொத்த முடிவையும் தீர்மானித்துவிடாது. பிரிட்டனின் பல மருத்துவக் கல்லூரிகள் இன்று இதைப் பின்பற்றுகின்றன. அஜய் ஹாசியா தீர்ப்பு கேட்ட ஒலிநாடாவும் இந்தப் பல அறைகளும் ஒரே ஐயத்திலிருந்து பிறந்தவை: தனி மனிதத் தேர்வாளரை அப்படியே நம்பிவிட முடியாது.

சான்றிதழ் மேசை

இன்று நம் பிள்ளைகள் எதிர்கொள்ளும் உண்மையான ‘இன்டர்வியூ’ சான்றிதழ் சரிபார்ப்புதான். அண்மை ஆண்டுகளில் பொதுப் பிரிவுக் கலந்தாய்வு இணையவழியில் நடக்கிறது. அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 விழுக்காடு போன்ற பிரிவுகளுக்கு நேரில் அழைப்பு வருகிறது. எந்த வழியாயினும் இறுதியில் அசல் சான்றிதழ்களுடன் ஒரு மேசையின் முன் நின்றே ஆகவேண்டும். தயாரிப்பு இங்கிருந்து தொடங்க வேண்டும். அதுவும் தேர்வு முடிவுக்குப் பிறகல்ல, பதினொன்றாம் வகுப்பிலேயே.

முதலாவது, சாதிச் சான்றிதழில் எழுதப்பட்டிருக்கும் சாதிப் பெயர். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு. 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு. ஆதி ஆந்திரர், அருந்ததியர், சக்கிலியன், மாதாரி, மாதிகா, பகடை, தோட்டி ஆகிய ஏழு பெயர்களே இதில் அடங்கும். உள் ஒதுக்கீடு செல்லும் என்பதை 2024 ஆகஸ்டு 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு உறுதி செய்தது. நம் மண்டலத்தில் தெலுங்கு பேசும் மாதிகா, ஆதி ஆந்திரக் குடும்பங்கள் சில, எப்போதோ யாரோ நிரப்பிய படிவத்தின் காரணமாக ‘ஆதி திராவிடர்’ என்று சான்றிதழ் வைத்திருக்கின்றன. மேசையில் எழுத்தே பேசும். உள் ஒதுக்கீட்டுக்கு உரிமை இருந்தும் அது கிட்டாது. வட்டாட்சியரிடம் திருத்தம் பெற மாதங்கள் ஆகலாம். கலந்தாய்வு நாள்களில் அடித்துப் பிடித்து ஓடினால் நடக்காது. அகில இந்திய ஒதுக்கீட்டுக்கும் விண்ணப்பிப்போர் நடுவண் அரசு கேட்கும் படிவத்தில் தனிச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது, மதம். இதைப் பேசத் தயங்குகிறோம், பேசியாக வேண்டும். 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை இந்து, சீக்கியர், பௌத்தர் ஆகியோரை மட்டுமே பட்டியல் சாதியாக ஏற்கிறது. பௌத்தர் சேர்க்கப்பட்டது 1990இல். ஆகவே வட ஆர்க்காட்டின் அம்பேத்கரியப் பௌத்தக் குடும்பங்கள் உரிமை இழக்க வேண்டியதில்லை. கிறித்தவத்துக்கு மாறிய ஆதி திராவிடர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். இந்தச் சட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை சென்று 1985இல் தோற்ற சூசை, சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்தவர். இந்து ஆதி திராவிடச் செருப்புத் தொழிலாளருக்கு வழங்கப்பட்ட பெட்டிக்கடை அவருக்கு மறுக்கப்பட்டதுதான் வழக்கு. தோல் தொட்ட கை மதம் மாறியதும் தூய்மையாகிவிட்டது என்று எந்த ஊரும் அவரிடம் சொல்லியிருக்காது. 2024 நவம்பரில் செல்வராணி வழக்கிலும் உச்ச நீதிமன்றம், கிறித்தவத்தைப் பின்பற்றிக்கொண்டே பட்டியல் சாதிச் சான்றிதழ் கோர முடியாது என்றது. இந்தச் சட்டம் அநீதியானது. அதை மாற்றப் போராடுவோம். ஆனால் அந்தப் போராட்டத்தின் சுமையை 17 வயதுப் பிள்ளையின் சேர்க்கைக் கோப்பில் ஏற்றிவிடக் கூடாது. பிற்காலத்தில் பட்டமே பறிபோகும் அபாயம் இதில் உண்டு.

மூன்றாவது, மேசையில் இருப்பவரின் அதிகார எல்லை. “பார்த்தால் அப்படித் தெரியவில்லையே”, “பெயர் வேறு மாதிரி இருக்கிறதே” என்று அலுவலர் இழுத்தால் என்ன செய்வது? 1994இல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த வழிமுறை இங்கு உதவும். மகாராட்டிரத்தின் மருத்துவச் சேர்க்கையில் எழுந்த வழக்கு அது. சாதிச் சான்றிதழின் உண்மையை ஆராய்வது அதற்கென அமைந்த கூர்நோக்குக் குழுவின் வேலை. அறிவிப்பு அனுப்பி, விளக்கம் கேட்டு, விசாரித்த பிறகே அதை நீக்க முடியும். சேர்க்கை மேசையில் இருப்பவர் ஆவணத்தைச் சரிபார்க்கலாம். முகத்தையும் பெயரையும் வைத்துச் சாதியைத் தீர்மானிக்க அவருக்கு அதிகாரமில்லை.

அரசுப் பள்ளி ஒதுக்கீட்டில் நம் பகுதிக்கே உரிய ஓர் ஓட்டை இருக்கிறது. 2020ஆம் ஆண்டுச் சட்டப்படி 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஆதி திராவிடர் நலப் பள்ளிகளும் நகராட்சிப் பள்ளிகளும் இதில் அடங்கும். அரசு உதவிபெறும் பள்ளிகள் அடங்கா. ஆம்பூர், வாணியம்பாடியில் கிறித்தவ, இசுலாமிய நிறுவனங்களின் உதவிபெறும் பள்ளிகளிலேயே தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் பலர் படிக்கிறார்கள். அதே தெரு, அதே வறுமை. பள்ளியின் பெயர்ப்பலகை மட்டும் வேறு. ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் எந்தப் பள்ளி என்று முடிவெடுக்கும் பெற்றோருக்கு இதைச் சொல்லிவைக்க வேண்டியது இயக்கங்களின் வேலை.

உள்ளே நுழைந்த பின்

சேர்ந்துவிட்டால் நேர்காணல் முடிந்தது என்று எண்ண வேண்டாம். உண்மையில் அப்போதுதான் அது தொடங்குகிறது. மருத்துவப் படிப்பின் ஒவ்வொரு கட்டத்திலும் செய்முறைத் தேர்வும் வாய்மொழித் தேர்வும் உண்டு. தேர்வாளர் எதிரே, மாணவர் இந்தப் பக்கம், நடுவில் ஓர் எலும்பு அல்லது ஒரு நோயாளி. 2007இல் தில்லி எய்ம்சு நிறுவனத்தை ஆராய்ந்த சுகதேவ் தோரட் குழுவிடம், வாய்மொழித் தேர்வுகளில் தங்கள் சாதிப் பின்னணி நேராகவோ சுற்றிவளைத்தோ கேட்கப்பட்டதாகப் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் பலர் கூறினர். 1979இல் ஸ்ரீநகரில் கேட்கப்பட்ட அதே கேள்விகள்தாம்.

இதற்குத் தயாராவது எப்படி? தந்தையின் தொழிலை மறைக்கும்படி நான் எந்த மாணவருக்கும் சொல்வதில்லை. டேனரி வீட்டுப் பிள்ளைக்கு வேறெவருக்கும் இல்லாத அறிவு இருக்கிறது. குரோம் பட்டுத் தோலில் வரும் புண், சுண்ணாம்புக் குழியின் எரிச்சல், கழிவுத் தொட்டியின் நச்சுவாயு ஆகியவற்றைப் பாடநூலுக்கு முன்பே அது கண்டிருக்கிறது. 2015 சனவரி 31 அன்று இராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து 10 தொழிலாளர் இறந்ததை நம் வீடுகள் மறக்கவில்லை. தொழில்சார் நோய்களைப் பற்றித் தேர்வாளர் கேட்டால், இந்த அறிவை மருத்துவ மொழியில் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் வாய்விட்டுப் பேசிப் பழகுவது வெட்கப்பட வேண்டிய செயலன்று. மூத்த மாணவர்கள் மாதிரி வாய்மொழித் தேர்வு நடத்தினால் அச்சம் பாதி குறையும்.

ஆனால் கேள்வி பாடத்தை விட்டுச் சாதிக்கு நகர்ந்தால், அன்றே நாள், நேரம், சொன்ன சொல், உடனிருந்தோர் பெயர் ஆகியவற்றை எழுதி வையுங்கள். சாதியைக் கேட்டது மட்டுமே வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஆர்) பிரிவின்படி குற்றமாகிவிடாது; பொதுப்பார்வைக்குட்பட்ட இடத்தில், இழிவுபடுத்தும் நோக்கத்துடன் வேண்டுமென்றே அவமதித்தது என்பது மெய்ப்பிக்கப்பட வேண்டும். மாதம் கழித்து நினைவிலிருந்து எழுதும் புகாரைவிட அன்றைய குறிப்பு நீதிமன்றத்தில் பலமடங்கு எடை பெறும்.

பணம் பற்றி ஒன்று. 7.5 விழுக்காட்டில் வருவோரின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. மற்றப் பட்டியல் சாதி மாணவருக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 2.5 இலட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு; கிறித்தவ ஆதி திராவிடருக்கும் மாநில அரசு இதை வழங்குகிறது. “முதலில் கட்டு, பிறகு பார்க்கலாம்” என்று தனியார் கல்லூரி அலுவலகம் சொன்னால், அதை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் அன்றே தேர்வுக் குழுவுக்கு மின்னஞ்சல் அனுப்பி நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

இதை வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. 2024 செப்டம்பர் 30 அன்று, 17,500 ரூபாயைக் குறித்த நேரத்துக்குள் செலுத்த இயலாமல் தன்பாத் ஐ.ஐ.டி. இடத்தை இழந்த தலித் மாணவர் அதுல் குமாருக்கு உச்ச நீதிமன்றம் இடம் வழங்கியது. அவர் உடனுக்குடன் ஒவ்வொரு கதவாகத் தட்டியிருந்தார். சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் வந்திருந்தார். மருத்துவச் சேர்க்கைக்கு நேரடியாகப் பொருந்துவது 2019 டிசம்பரில் வந்த கிருஷ்ண ஸ்ரத்தா தீர்ப்பு. தன் பிழை ஏதுமின்றி இடம் மறுக்கப்பட்ட மாணவர் தாமதமின்றி நீதிமன்றத்தை அணுகியிருந்தால், இறுதி நாள் கடந்த பின்னும் ஒரு மாதத்துக்குள் சேர்க்க ஆணையிடலாம். அதுவும் இயலாவிட்டால் அடுத்த ஆண்டில் இடம் தரச் சொல்லலாம் என்கிறது அது. ‘தாமதமின்றி’ என்பதே அதில் திறவுச்சொல். மறுப்பு வந்த நாளுக்கும் மனுத் தாக்கல் செய்த நாளுக்கும் இடையே எத்தனை நாள் என்று நீதிபதி முதலில் எண்ணுவார். ஆம்பூரிலிருந்து சென்னைக்கு இரயிலில் நான்கு மணி நேரம்கூட ஆகாது. மறுப்புக் கடிதமோ மின்னஞ்சலின் நகலோ கையில் இருந்தால் மறுநாள் காலையிலேயே மனு எழுதத் தொடங்கிவிடலாம்.